பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி: பயம் காட்டியா, பலம் கூட்டியா?



ரசீதுப் புத்தகத்துடன் நம் கடை வாசலுக்கு வருகிறவர்கள் பலர். கோயில் கொடை, அன்னதானம், விளையாட்டுப் போட்டி என்று இருந்த வரிசையில் சில ஆண்டுகளாகப் பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சி முகாமும் சேர்ந்திருக்கிறது. கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ என்று பெயர்கள் வேறுபடும். நோட்டீசில் நம் கடையின் பெயரையும் போடுவதாகச் சொல்வார்கள். நல்ல காரியம்தானே என்று நாமும் கல்லாவைத் திறந்து கொடுத்து அனுப்புகிறோம்.

கொடுப்பது சரிதான். ஆனால் துவரம் பருப்பு மூட்டையாக இருந்தாலும் குத்தூசி போட்டு எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்த பிறகே விலை பேசுகிறவர்கள் நாம். இந்த விஷயத்தில் மட்டும் சாம்பிள் பார்க்காமல் பணம் கொடுத்துவிடுகிறோம். தற்காப்புப் பயிற்சியிலும் இரண்டு தரம் உண்டு. ஒன்று, பெண்ணையும் அவளைப் பெற்றவர்களையும் பயமுறுத்தி வகுப்புக்கு இழுப்பது. மற்றொன்று, உன் உடம்புக்கும் உன் குரலுக்கும் இவ்வளவு பலம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள் என்று அழைப்பது. இரண்டும் ஒரே மைதானத்தில், ஒரே வெள்ளைச் சீருடையில் நடப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பலன்கள் மட்டும் நேர் எதிரானவை. அதை விளக்கவே இக்கட்டுரை.

பயத்தை விற்கும் வியாபாரம்

பயம் நன்றாக விலை போகும் சரக்கு. இது வியாபாரிகளான நமக்குத் தெரியாதது அல்ல. புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்று மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எப்படிப் பறக்கின்றன என்று பார்த்திருக்கிறோம். புயல் போன மறுவாரம் அதே மெழுகுவர்த்தி கேட்பாரற்று அலமாரியில் கிடக்கும்.

பெண்கள் பாதுகாப்பிலும் இதுவே நடக்கிறது. 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இளைஞர்களின் ஈவ்டீசிங்கால் உயிரிழந்தபோது தமிழ்நாடே கலங்கியது. அதே ஆண்டில் அதற்கென ஒரு சட்டம் வந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்சில் நடந்த கொடுமைக்குப் பிறகு நாடு முழுவதும் தற்காப்பு வகுப்புகளும், பெப்பர் ஸ்பிரே விற்பனையும் பெருகின. 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெயரில் பெண்களுக்கென்றே ஒரு சிறு ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. எடை சுமார் அரைக் கிலோ. அன்றைய விலை ரூ.1,22,360. பஸ்சில் நின்றுகொண்டே வேலைக்குப் போகும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்தத் தொகை கட்டுபடியாகும்? அதற்கு லைசென்சு வாங்க எத்தனை நாள் அலைய வேண்டும்? அதிர்ச்சியில் பிறக்கும் சரக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. யாருக்கு ஆபத்து அதிகமோ, அவர்களுக்கு அது எட்டுவதில்லை.

கைப்பையில் மிளகாய்த்தூள் பொட்டலம் வைத்துக்கொள்ளச் சொல்வதும் வழக்கமாக இருக்கிறது. மிளகாய் வியாபாரம் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். குண்டூர் மூட்டையைப் பிரித்தால், பிரித்தவன்தான் முதலில் தும்முவான். தூள் காற்று போகிற பக்கம்தான் போகும். எதிரி நிற்கிற பக்கம் பார்த்துப் போகாது. அவசரத்தில் கட்டிய பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் கை நடுங்கிப்போகும். பெப்பர் ஸ்பிரேக்கும் காலாவதித் தேதி உண்டு. அதை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தூரத்தில் அடிப்பது என்று பழகாதவர் கையில் அது ஒரு டப்பா மட்டுமே. கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழக்கம் இல்லாத கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று நாம் இருந்துவிடக் கூடாது என்கிறேன்.

பயத்தின் செலவை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

பயத்தைக் காட்டி விற்கும்போது வாங்குகிறவர் கொடுப்பது டப்பாவின் விலை மட்டும் அல்ல. பேரேட்டில் ஏறாத செலவு ஒன்றும் அதில் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் வெளியூர்ச் சில்லரை வியாபாரி ஒருவர், பல வருடமாக நம்மிடம் சரக்கு எடுப்பவர், லோடு ஏற்றும் வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பிளஸ் ஒன் படிக்கும் மகளின் மாலை டியூஷனை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

"ஏன் தம்பி, போற வழியில ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் இல்ல அண்ணாச்சி. ஸ்கூல்ல கராத்தே மாஸ்டர் வந்து வீடியோ போட்டுக் காட்டினாராம். பாப்பா ராத்திரி தூங்கவே இல்ல. எங்களுக்கும் வயித்தைக் கலக்கிடுச்சு. நடந்துட்டா என்ன பண்றது?"

"திருட்டு நடந்துட்டா என்ன பண்றதுன்னு நாம ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டா போறோம்?"

"கடையும் பொண்ணும் ஒண்ணா அண்ணாச்சி?"

அவர் கேட்டது நியாயம். கடையும் பெண்ணும் ஒன்றல்ல. ஆனால் கடையை மூடினால் நட்டம் நமக்கு. டியூஷனை மூடினால் நட்டம் அந்தப் பிள்ளைக்கு. நம் பயத்துக்கு அவள் பணம் கட்டுகிறாள். தற்காப்பு கற்க அழைத்துப் போன வகுப்பு, அந்தப் பெண்ணை டியூஷனுக்குக்கூடப் போகவிடாமல் செய்துவிட்டது. அந்த வகுப்பு அவளுக்கு எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று பற்று வரவு போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளை வைத்துக் கிரிஜா போர்க்கர் என்ற பொருளாதார அறிஞர் ஓர் ஆய்வு செய்திருக்கிறார். நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவிகள் பலர், போகும் வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதுகாப்பான வழிக்காகக் கூடுதல் நேரமும் பணமும் செலவழிக்கிறார்கள் என்று அதில் கண்டார். மாணவர்கள் அந்த அளவுக்கு இப்படிச் செய்வதில்லை. தெருவில் உள்ள தொல்லை நிஜம். அதற்குப் பயந்ததில் தவறு இல்லை. அந்தப் பயத்தை நாம் மேலும் ஊதிப் பெரிதாக்கினால், அவர்கள் இழப்பது இன்னும் கூடும் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஆபத்து எந்தப் பக்கம்?

பயமுறுத்தும் நோட்டீசைப் பாருங்கள். இருட்டுத் தெரு, முகமூடி போட்ட முரடன், ஓடும் பெண். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

இதை அறிந்தால் பயிற்சியே மாற வேண்டும் அல்லவா? அறிமுகம் இல்லாதவன் கையைப் பிடித்தால் எந்தப் பெண்ணும் கத்துவாள். மாமா முறை ஆனவரோ, முதலாளியோ, வாத்தியாரோ தோளில் கை வைத்தால் அவளுக்குக் குரல் எழும்புவதில்லை. 'பெரியவரை எப்படிச் சொல்வது', 'வீட்டில் நம்மைத்தானே திட்டுவார்கள்' என்ற தயக்கம் வாயைக் கட்டிவிடுகிறது. உதைக்கக் கற்றுக் கொடுத்தவர்கள், "கையை எடுங்கள்" என்று நேராகப் பார்த்துச் சொல்லக் கற்றுக் கொடுக்கவில்லை என்றால், ஆபத்து வராத வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, வருகிற வாசலைத் திறந்து வைத்த கதைதான்.

பலன் தந்த பயிற்சி

பலம் கூட்டும் பயிற்சியால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்கலாம். உண்டு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கனடா நாட்டில் சார்லீன் சென் என்ற பேராசிரியையின் தலைமையில் மூன்று பல்கலைக்கழகங்களில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2015-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. முதலாண்டு மாணவிகள் சுமார் 900 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 12 மணி நேரப் பயிற்சி, நான்கு வகுப்புகளாக. மறு பாதிக்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்கள் மட்டும். ஓர் ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, பிரசுரம் வாங்கியவர்களில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் 9.8 சதவீதம். பயிற்சி பெற்றவர்களில் அது 5.2 சதவீதம். ஏறத்தாழப் பாதி.

அந்த 12 மணி நேரத்தில் என்ன கற்றுக் கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். தெரிந்த மனிதரிடமிருந்து வரும் ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுகொள்வது முதல் பாடம். 'இவரைப் போய் எப்படி எதிர்ப்பது' என்ற மனத்தடையைத் தாண்டுவது இரண்டாவது. சொல்லாலும் உடம்பாலும் எதிர்ப்பது மூன்றாவது. தனக்கு என்ன விருப்பம், என்ன விருப்பமில்லை என்று தானே தெளிவாக அறிவது நான்காவது. பயிற்சி பெற்றவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடியது. நடந்ததற்குப் பெண்தான் காரணம் என்று நினைக்கும் பழக்கமும் குறைந்தது. பலன் இரண்டு ஆண்டுகள் வரை நீடித்ததையும் பின்னால் கண்டறிந்தார்கள். துண்டுப் பிரசுரம் அச்சடிக்கச் செலவு குறைவு. ஆனால் பலன் பயிற்சியில்தான் என்பது நம் போன்ற நன்கொடையாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இன்னும் பழைய உதாரணமும் உண்டு. நூறாண்டுகளுக்கு முன் லண்டனில் பெண்கள் ஓட்டுரிமை கேட்டுப் போராடியபோது, கூட்டங்களில் அவர்களைப் பிடித்துத் தள்ளுவதும் அடிப்பதும் சாதாரணமாக நடந்தது. ஐந்தடி உயரம்கூட இல்லாத எடித் காருட் என்ற அம்மையார் அவர்களுக்கு ஜியு-ஜிட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்றுக் கொடுத்தார். தலைவி எம்மலின் பாங்கர்ஸ்டைப் போலீசார் பிடித்துப் போகாமல் காக்க, 1913 வாக்கில் சுமார் முப்பது பெண்கள் கொண்ட காவல் படையே அமைந்தது. கூட்டத்துக்குப் போகாதே என்று அந்தப் பயிற்சி சொல்லவில்லை. கூட்டத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதற்காகவே அது இருந்தது. 1918-இல் ஒரு பகுதிப் பெண்களுக்கும், 1928-இல் ஆண்களுக்குச் சமமாகவும் அந்நாட்டில் ஓட்டுரிமை கிடைத்தது.

சட்டம் கொடுக்கும் தைரியம்

'திருப்பி அடித்தால் நம் மேல் கேஸ் வந்துவிடுமோ' என்ற பயமும் பெண்களுக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவையே இவை. தன் உடலையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ள எதிர்த்துத் தாக்குவது குற்றம் ஆகாது. உயிருக்கோ மானத்துக்கோ கொடிய ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் நிலையில், தாக்க வந்தவன் இறந்துபோனாலும் அது தற்காப்பாகக் கருதப்படலாம். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டத்தில், கத்தியுடன் வந்தவனை எதிர்த்துப் போராடியதில் அவன் இறந்துவிட, அந்த 19 வயதுப் பெண்ணைத் தற்காப்பு உரிமையின் அடிப்படையில் போலீசார் விடுவித்தார்கள்.

இதற்கு எல்லையும் உண்டு. தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தாக்கக் கூடாது. ஆபத்து நீங்கிய பிறகு துரத்திப் போய் அடிப்பது தற்காப்பு ஆகாது. உரிமையையும் எல்லையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பே முழுமையான வகுப்பு. புகாரை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லைத் தகராறு சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்பதையும், 181 (பெண்கள் உதவி), 112 (அவசர உதவி), 1098 (குழந்தைகள் உதவி) ஆகிய எண்களையும் பெண்கள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

முதலில் நம் கடை

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் கடைக்குள் பார்ப்போம். இன்று மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் பொட்டலம் போடவும், பருப்பு புடைக்கவும், பில் போடவும் எத்தனையோ சகோதரிகள் வேலை செய்கிறார்கள். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் புகார்களை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அமைக்கத் தவறினால் ரூ.50,000 வரை அபராதம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான கடையில் வேலை செய்யும் பெண்ணும், முதலாளியே தொல்லை கொடுத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் அவகாசம் தரலாம்.

இந்த விவரத்தைக் கல்லா அருகே ஒரு தாளில் எழுதி ஒட்ட என்ன செலவு? இரவு கடை அடைக்கும்போது பெண்களை முதலில் அனுப்புவது, குடோனுக்குள்ளும் படிக்கட்டிலும் நல்ல வெளிச்சம் போடுவது, கதவுடன் கூடிய கழிப்பிடம் அமைப்பது ஆகியவையும் தற்காப்பு சார்ந்த காரியங்களே. கடைப் பையன்களுக்கும் நம் வீட்டுப் பையன்களுக்கும், வரும் போகும் பெண்களைக் கிண்டல் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு மட்டும் பாடம் நடத்திவிட்டுப் பையனை விட்டுவிட்டால், தராசின் ஒரு தட்டில் மட்டும் படிக்கல் வைத்தது போல ஆகும்.

நன்கொடை கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

நம் சங்கங்களுக்கு முகாம் நடத்த ஆதரவு கேட்டு வருபவர்களிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெளிவு பெறலாம்:

1. எத்தனை மணி நேரம்? ஒரு நாள் முகாமில் போட்டோ எடுக்கலாம். கை கால் பழகாது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வகுப்பு வரையிலான மாணவிகளுக்குச் சமக்ர சிக்ஷா திட்டத்தில் வைத்திருக்கும் பயிற்சிக் காலம் மூன்று மாதம்.

2. கற்றுக் கொடுப்பவர் யார்? பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா? ஆண் பயிற்சியாளர் என்றால் வகுப்பில் தாய்மார்கள் உட்கார அனுமதி உண்டா?

3. உதைப்பது, குத்துவது தவிர, குரல் கொடுப்பது, மறுத்துச் சொல்வது, விலகி வருவது, நம்பிக்கையானவரிடம் சொல்வது ஆகியவை பாடத்தில் உண்டா?

4. தெரிந்தவர்களால் வரும் தொல்லை பற்றிப் பேசுகிறார்களா, அல்லது இருட்டுத் தெருவோடு நிறுத்திக்கொள்கிறார்களா?

5. கொடூரமான படம், வீடியோ காட்டி ஆள் சேர்க்கிறார்களா? அப்படியானால் நம் கடைப் பெயர் அந்த நோட்டீசில் வேண்டாம்.

6. வயதான பெண்கள், பருமனானவர்கள், கால் ஊனமுற்றவர்கள் ஆகியோருக்கும் இடம் உண்டா? ஆபத்து ஆள் பார்த்து வருவதில்லை.

ஒரு முக்கிய எச்சரிக்கை

பயிற்சி பெற்ற பெண்ணுக்கு ஏதேனும் கெட்டது நடந்துவிட்டால், "கராத்தே படித்தாயே, ஏன் அடிக்கவில்லை?" என்று கேட்கும் நாக்குகள் நம் ஊரில் இருக்கின்றன. ஆபத்து நேரத்தில் உடம்பு உறைந்து நின்றுவிடுவது இயற்கை. கல்லாவில் கொள்ளை போனால் பூட்டுச் சரியில்லை என்று வியாபாரியின் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை, திருடனைத்தான் தேடுகிறார்கள். பெண் விஷயத்திலும் குற்றவாளி, குற்றம் செய்தவனே. பயிற்சி என்பது பெண்ணின் கையில் நாம் கொடுக்கும் கூடுதல் முதல். அது அவள் தலையில் ஏற்றும் கடன் ஆகிவிடக் கூடாது.

பயிற்சியின் தரத்தைப் பார்க்க என்னிடம் ஒரே ஒரு உரைகல்தான் உண்டு. மூன்று மாத வகுப்பு முடிந்த பிறகு அந்தப் பெண் போகும் இடங்கள் கூடினவா, குறைந்தனவா? மாலை டியூஷன், நூலகம், பேங்க், கொள்முதலுக்கு வெளியூர்ப் பயணம், நாளை அப்பாவின் கடையில் கல்லாவில் உட்காருவது என்று அவளுடைய எல்லை விரிந்தால் நம் நன்கொடை பலித்தது. வீட்டுத் திண்ணையோடு சுருங்கினால், நாம் காசு கொடுத்துப் பயத்தை வாங்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறோம் என்றே பொருள்.

அடுத்த முறை ரசீதுப் புத்தகம் வரும்போது மேற்கண்ட ஆறு கேள்விகளையும் கேளுங்கள். சரியான பதில் சொல்கிறவர்களுக்குக் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள். நம் வீட்டுப் பெண்களையும், கடையில் பணிபுரியும் சகோதரிகளையும் அந்த வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.